தூக்குக்குப் பத்து மார்க்

முதலில் அது குளியலறைச் சாக்கடை என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அண்ணி பினாயில் ஊற்றினாள். மறுநாள், அலமாரிக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறது என்றார்கள். அண்ணன் அலமாரியை நகர்த்திப் பார்த்தான். தூசி இருந்தது, எலி இல்லை. வாடை சமையலறையில் இருந்தது. பிறகு கூடத்துக்கு வந்தது. அப்புறம் படுக்கையறைக்குப் போனது. தான் போகும் இடத்துக்கெல்லாம் அது கூடவே வருகிறது என்பதை அண்ணிதான் முதலில் கண்டுகொண்டாள்.

“என்கிட்டேர்ந்துதாங்க வருது,” என்றாள்.

அண்ணன் துடைப்பத்தோடு நின்றான். “சும்மா எதையாவது சொல்லாத.”

“மோந்து பாருங்க.”

அவன் அவள் முதுகுப் பக்கம் குனிந்தான். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தான். போய் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

மாடியில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது. அறுவை சிகிச்சை டாக்டர். மருத்துவக் கல்லூரியில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவள். அங்கே மேடம், வீட்டில் இன்னும் பாப்பா. கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்று சில நாட்களாக விடியுமுன் போய், எல்லோரும் படுத்தபின் திரும்பிக்கொண்டிருந்தாள். அண்ணியின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு கொழுப்புக்கட்டி இருந்தது. அதை எடுக்க ஏற்பாடு செய்தவள் அவள்தான். தன்னிடம் படித்தவர்களிலேயே கெட்டிக்காரனைக் கூப்பிட்டு, “எங்க அண்ணிடா, பாத்து,” என்று ஒப்படைத்தவளும் அவள்தான். கட்டி போயிற்று. கட்டைப் பிரிக்கும் நாள் இன்னும் வரவில்லை.

மாடிப்படியில் பாதி இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாக்கடையும் இல்லை, எலியும் இல்லை. செத்த தோல். அதன் வாடையில் ஒரு இனிப்பு இருக்கும். அந்த இனிப்பைத்தான் சகிக்க முடியாது.

“பாப்பா, பக்கத்துல வராத,” என்றாள் அண்ணி. “நான் ரெண்டு வேளையும் உடம்பு தொடச்சுக்கிறேன். தலைக்குக்கூட ஊத்திக்கல. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல.”

அண்ணி சோப்பையே கழுவி வைக்கிறவள். அண்ணன் செய்யும் கேலி அது. கதவுக் கைப்பிடியைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியை அலசிவிட்டு, அலசின வாளியையும் கழுவிக் கவிழ்ப்பாள். விருந்தாளிகள் அவள் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே காலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் இப்போது கூடத்தின் ஓரத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராமல், காற்று தன்மேல் பட்டு மற்றவர்கள் பக்கம் போகாத இடமாகத் தேடி உட்கார்ந்திருந்தாள்.

பாப்பாவுக்கும் அண்ணிக்கும் இடையே ஒரே ஒருமுறைதான் சண்டை வந்திருக்கிறது. அது பிரிட்ஜால் வந்தது.

கல்லூரியில் பிள்ளைகள் தைத்துப் பழக ஒன்றும் கிடையாது. வெளிநாட்டு ரப்பர்த் தோலுக்கு விலை சொன்னால் அலுவலகத்தில் சிரித்தார்கள். அதனால் கிடைத்ததையெல்லாம் தைத்தார்கள். வாழைப்பழத் தோலில் ஆரம்பித்தார்கள். அறை முழுக்கச் சின்னச் சின்ன ஈ. பன்றிக்கால் நல்ல தோல்தான், மனிதத் தோலுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. ஆனால் நகமும் முடியுமாக மேஜைமேல் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் மயங்கி விழுந்தாள். கோழித்தொடையைத் தைத்த பையன்கள் சாப்பாட்டுக்கூடத்தில் கோழியைத் தொடுவதை நிறுத்தினார்கள். ஆட்டுக்குடல் எல்லாவற்றையும்விட மோசம். எத்தனை அலசினாலும் உள்ளே ஏதாவது இருக்கும். அதை ஒருநாள் மின்சாரம் போன பிரிட்ஜில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை திறந்தார்கள். உள்ளே எல்லாம் நெளிந்துகொண்டிருந்தது. பெருக்கும் அம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, “டாக்டருக்குப் படிக்கிறாங்களா, கசாப்புக்குப் படிக்கிறாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனவள் ஒரு வாரம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பாப்பா குடலை வீட்டு பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தாள். பாலுக்குப் பின்னால், மூன்று பைகளுக்குள், நன்றாகக் கட்டித்தான் வைத்தாள். அண்ணி அதைப் பிரித்துப் பார்த்தாள்.

“இந்த வீட்ல நான் இருக்கணுமா, உன் குடல் இருக்கணுமா?”

“என் குடல் இல்ல அண்ணி, ஆட்டோடது.”

“வாய் பேசாத. பால் முழுக்கக் கொட்டிட்டேன். பிரிட்ஜ வெளிய தூக்கி வெக்கச் சொல்லிட்டேன்.”

சண்டை ஓய்ந்தபின் அண்ணியே ஒரு வழி சொன்னாள். “தைக்கத்தான வேணும்? பழைய சோபாவ உரிச்சுக்கோ. ரெக்சின் கெட்டியா இருக்கும், கழுவவும் கழுவலாம்.”

அப்படி வந்ததுதான் ரெக்சின் பட்டை. மேலே தோலுக்கு ரெக்சின். நடுவில் கொசுவலைத் துணி. கீழே கொழுப்புக்கு மெத்தைப் பஞ்சு. அடியில் கனத்துக்கு ஒரு மணல் பை. ஒரு பட்டையை ஐம்பது தடவை தைக்கலாம், பிரிக்கலாம், துடைக்கலாம். நாற்றமில்லை, ஈயில்லை. பெருக்கும் அம்மாள் திரும்பி வந்தாள். துறைத்தலைவர், எல்லோருக்கும் அவர் சீஃப், பட்டையை மோந்து பார்த்துவிட்டு, “ஆஹா, புது கார் வாசனை!” என்றார்.

ஒரே ஒரு சிக்கல். தையல் சரியா தப்பா என்று பட்டை சொல்லாது. நூறு பிள்ளைகள், பார்க்க ஒரே ஆள். ஒவ்வொரு முடிச்சாகக் குனிந்து பார்த்தால் கழுத்து போய்விடும். எனவே அவள் ஒரு சோதனை வைத்தாள். தைத்து முடித்ததும் நூலைப் பிடித்துப் பட்டையைத் தூக்க வேண்டும். மணலோடு சேர்ந்து பட்டை மேலே வர வேண்டும். கீறலின் வாய் பிளக்கக் கூடாது. பிளந்தால் சைபர், பிளக்காவிட்டால் பத்து. ஒரு நொடியில் மார்க் போட்டுவிடலாம். பிள்ளைகள் அதற்குத் ‘தூக்கு’ என்று பேர் வைத்தார்கள். “இன்னைக்கு எனக்குத் தூக்குடா,” என்று சொல்லிக்கொண்டு பரீட்சைக்கு வருவார்கள். அவளும் சிரிப்பாள்.

தூக்கில் ஒருமுறைகூடத் தோற்காதவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு மிஷின் என்று பேர். தையல் மிஷின் மாதிரியே ஒரே இடைவெளி, ஒரே இறுக்கம். ஒருமுறை பட்டையை நூலால் பிடித்துக்கொண்டு தலைக்குமேல் சுழற்றிக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது அவனும் டாக்டர். அண்ணியின் முதுகைத் தைத்தவன் அவன்தான்.

மறுநாள் காலை அண்ணியைப் பொதுவார்டில் சேர்த்தார்கள். கட்டைப் பிரிக்கும்போது சிஸ்டர் ஒரு முகமூடிமேல் இன்னொன்று போட்டுக்கொண்டாள். அண்ணி குப்புறப் படுத்திருந்தாள். தன் முதுகைத் தான் பார்க்க முடியாது என்பதால் மற்றவர்களின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பஞ்சை எடுத்தபோது சிஸ்டர், பாப்பா, மிஷின் மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள்.

“ரொம்ப மோசமா பாப்பா?”

பாப்பா விளக்கைக் கிட்டே இழுத்துக் குனிந்தாள்.

கீறலின் இரண்டு கரையும் கறுத்துக் கிடந்தன. கறுப்புக்கு வெளியே பச்சையும் மஞ்சளுமாக ஒரு வளையம். அழுத்தினால் சீழ் முடிச்சுக்கு முடிச்சு கசிந்தது. நூல் தோலுக்குள் புதைந்துபோயிருந்தது, வேலிக்கம்பி கட்டிய மரத்தில் பட்டை வளர்ந்து மூடுவதுபோல. ஆனால் தையல்! ஒரே இடைவெளி. ஒரே நீளம். முடிச்செல்லாம் ஒரே பக்கம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனசு ‘பத்துக்குப் பத்து’ என்றது.

அப்புறம்தான் அவளுக்குக் குமட்டியது. சீழைப் பார்த்து அல்ல. இருபது வருடமாகச் சீழைப் பார்த்தவள். சீழுக்கு நடுவில் மார்க் போட்ட தன் கண்ணை நினைத்துக் குமட்டியது.

“இன்ஃபெக்ஷன், மேடம்,” என்றான் பக்கத்தில் நின்ற மிஷின்.

அவள் கத்தரியை வாங்கி முதல் நூலை வெட்டினாள். வெட்டியதும் கரைகள் இரண்டும் விலகிப் பெருமூச்சு விட்டதுபோல் இருந்தன. அடியில் இருந்த தோலிலும் உயிர் இல்லை. கிருமி வந்து தோலைக் கொல்லவில்லை. தோல் செத்த பிறகுதான் கிருமி வந்திருக்கிறது. தோலுக்கு ரத்தம் வரும் வழியை ஒவ்வொரு முடிச்சும் நெரித்திருக்கிறது.

அந்த நேரத்தில் சீஃப் பிள்ளைகள் கூட்டத்தோடு வந்தார். கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“சர்க்கரை?”

“இல்ல சார்,” என்றான் மிஷின்.

“வேற வியாதி?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“அப்ப என்ன? சுத்தம் போதாது.” பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க. நாம இங்க எவ்வளவு சுத்தமா பண்ணி அனுப்பினாலும், வீட்ல போய் அழுக்குல பொரண்டா என்ன பண்றது? கடவுளே வந்து தச்சாலும் பிரிஞ்சுக்கும்.”

பிள்ளைகள் மெல்லச் சிரித்தார்கள். அண்ணியின் காதுமடல் சிவந்தது. அவள் முகத்தைத் தலையணைக்குள் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.

பாப்பா கையில் கத்தரியோடு பக்கத்திலேயே நின்றாள். வாயைத் திறந்தால் போதும். குழு நாளை மறுநாள் வருகிறது. பட்டையைப் பார்த்து, தூக்கைப் பார்த்து, பிடித்திருந்தால் எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பப் போகிறார்கள். அவள் வாய் திறக்கவில்லை. சீஃப் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பார்வையாளர் நேரத்தில் அண்ணன் வந்தான். சீஃப் சொன்னதை வாசலில் யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

“சோப்பக் கழுவுற, வாளியக் கழுவுற. முதுகக் கழுவத் தெரியல. மானம் போகுது,” என்றான்.

“தண்ணி படக்கூடாதுன்னு சொன்னாங்கங்க.”

“எதுக்கும் ஒரு பதில் வெச்சிரு.”

கடைசிக் கட்டிலில் கால் ஒடிந்த ஒருத்தி படுத்திருந்தாள். முன்பு அவள் கட்டில் அண்ணிக்கு அடுத்ததாக இருந்தது. சிஸ்டரிடம் சண்டை போட்டு அங்கே தள்ளிப் போட்டுக்கொண்டாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி, “சில பேரு குளிக்கிறதே இல்லபோல,” என்றாள். அண்ணி அந்தப் பக்கம் தலையைத் தூக்கி, “மன்னிச்சுக்கோங்கம்மா, எனக்கே தாங்கல,” என்றாள். பெருக்க வந்தவளிடமும் மன்னிப்புக் கேட்டாள். மாத்திரை கொடுக்க வந்தவளிடமும் கேட்டாள்.

அன்று மாலை பாப்பா கடைத்தெருவில் கோழித்தொடை வாங்கினாள். தோலோடு, அன்றைக்கு அறுத்தது. கல்லூரிப் பயிற்சி அறைக்குள் இறைச்சி வந்து வெகுகாலமாகிவிட்டது. ரெக்சின் பட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன, பளபளவென்று. அவள் கோழித்தொடையைத் தட்டில் வைத்துக் கீறினாள். மஞ்சள் கொழுப்பு எட்டிப் பார்த்தது. ஊசியை ஏற்றினாள். எப்போதும் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி, பட்டைக்குப் போடுகிற மாதிரி, இழுத்து முடிந்தாள்.

தோல் கிழிந்தது. சோப்புக்கட்டியில் நூல் இறங்குவதுபோல் நூல் தோலை வெட்டிக்கொண்டு வெளியே வந்தது.

இன்னொன்று போட்டாள். அதுவும் கிழிந்தது. மூன்றாவதைக் கை தளர்த்தி, இரண்டு கரையும் தொட்டால் போதும் என்று விட்டாள். நின்றது.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். விரல்களில் கோழிக்கொழுப்பு பிசுபிசுத்தது. அந்த நாற்றம் பிடிக்காமல்தானே இதையெல்லாம் வாரி வெளியே போட்டாள்! செத்த கோழிகூட, ‘போதும், இறுக்காதே’ என்று கிழிந்து காட்டுகிறது. சோபாத்துணி எதற்கும் வாய் திறக்காது. எவ்வளவு இறுக்கினாலும் தாங்கும். தாங்கினதற்குப் பத்து மார்க் வேறு.

மிஷினைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“தை,” என்றாள்.

அவன் தட்டைப் பார்த்து முகம் சுளித்தான். “இதையா மேடம்? மறுபடியுமா?”

“தைடா.”

தைத்தான். கிழிந்தது. இடம் மாற்றினான். கிழிந்தது. அவனுக்கு வியர்த்தது. அவன் கையில் எதுவும் கிழிந்து அவன் பார்த்ததில்லை.

“பழைய கோழி மேடம்.”

“இன்னைக்கு அறுத்தது.”

“இந்தத் தோல வெச்சுக்கிட்டு தூக்கவே முடியாது மேடம்.”

“எதுக்குத் தூக்கணும்?”

மூச்சு எதற்கு விடவேண்டும் என்று கேட்டதுபோல் அவன் அவளைப் பார்த்தான். “தூக்குக்குத்தான மேடம் பத்து மார்க்?”

“ஆளப் படுக்க வெச்சுத் தச்சுட்டு, நூலப் புடிச்சு எவனாவது தூக்குவானா?”

அவன் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்தது. ஊசியைத் தட்டில் வைத்தான்.

“மேடம், நான் எல்லாருக்கும் இப்படித்தான் போடறேன்.”

“தெரியும்.”

“யாரும் திரும்பி வந்து குறை சொல்லலையே மேடம்.”

“தோல் தொளதொளன்னு இருக்கிற எடத்துல தாங்கியிருக்கும். தாங்காதவங்க வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க. இல்ல, வீட்லயே சாக்கடைக்குப் பினாயில் ஊத்திட்டு இருப்பாங்க.”

அவனுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துவிட்டது. குழாயில் கை கழுவினான். வெகுநேரம் கழுவினான். பிறகு கதவருகில் நின்று, “நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் மேடம் பண்ணேன்,” என்றான். அதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. சின்னப் பிள்ளை வீட்டுப்பாடத்தைக் காட்டுவதுபோல் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை சீஃப்பின் அறைக்குப் போனாள். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். குழுவுக்குக் காட்ட வைத்திருந்த புதுப் பட்டை மேஜைமேல் இருந்தது.

“அந்தத் தூக்குச் சோதனைய எடுத்துரணும் சார். பட்டையையே எடுத்துட்டாலும் நல்லது,” என்றாள். கோழித்தோலைச் சொன்னாள். கறுத்த கரையைச் சொன்னாள். நூல் புதைந்திருந்ததைச் சொன்னாள்.

அவர் முழுவதும் கேட்டார். கேட்டுக்கொண்டே இன்னொரு பிஸ்கட்டை நனைத்தார். அது பாதியில் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. விரலை விட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“ஒரு முதுகு,” என்றார்.

“இன்னும் எத்தன முதுகுன்னு நமக்குத் தெரியாது சார்.”

“தெரியாதத எதுக்கும்மா தோண்டணும்? நீங்க பெத்த புள்ள இது. நீங்களே கழுத்த நெரிக்கிறீங்களே!”

“அதுதான் சார் கழுத்த நெரிக்குது.”

“நாளைக்கு வர்றவங்களுக்குப் பிடிக்கப் போறதே தூக்குதான். பட்டைய மட்டும் காட்டினா சோபாக்கடைன்னு நெனப்பாங்க. பாருங்க, அடுத்த வருஷம் குறிப்புல ஒரு வரி சேத்துக்கலாம். ‘ரொம்ப இறுக்க வேண்டாம்’னு. போதுமா?”

“நேத்து நீங்க அழுக்குன்னு சொன்னீங்களே சார், அது எங்க அண்ணி.”

சீஃப் நிமிர்ந்தார். முதல்முறையாக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“அடடா. உங்க அண்ணியா? முன்னாடியே சொல்லக்கூடாதா? தனி ரூம் குடுத்திருப்பேனே!”

சொல்லிவிட்டு, பிஸ்கட் ஈரம் ஒட்டிய விரல்களைப் பட்டையின்மேல் துடைத்தார். ரெக்சின் அல்லவா, கறை படவில்லை.

அவள் எழுந்தாள். “நாளைக்கு நான் காட்ட மாட்டேன் சார்.”

“வேண்டாம். மிஷின் காட்டுவான்.”

குழு வந்த அன்று பயிற்சி அறைப் பக்கம் அவள் போகவில்லை. வார்டுக்குப் போனாள். வழியில் மிஷின் எதிரே வந்தான். புதுச் சட்டை, இஸ்திரி கலையாமல். அவளைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டான்.

கட்டு மாற்றும் வண்டியை அவளே தள்ளிக்கொண்டு போய்த் திரையை இழுத்தாள். அண்ணி ஏற்கெனவே குப்புறப் படுத்திருந்தாள்.

“முகமூடி போட்டுக்கிட்டியா பாப்பா?”

“ம்.”

“ரெண்டா போட்டுக்கோ. அந்தச் சிஸ்டரு ரெண்டு போடறா.”

செத்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தாள். அதில் வலி இருக்காது. வலி இல்லை என்பதுதான் அது செத்ததற்கு அடையாளம். கறுத்த துண்டுகள் தட்டில் விழும்போது ஈரமான சின்னச் சத்தம் கேட்டது. கீழ்மாடியிலிருந்து கைதட்டல் வந்தது. மிஷின் பட்டையைத் தூக்கியிருப்பான்.

“என்ன விசேஷம் கீழ?” என்றாள் அண்ணி.

“ஒண்ணும் இல்ல.”

“பாப்பா, நான் யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பழைய ரவிக்கையப் போட்டிருக்கக் கூடாது. தொவச்சதுதான். இருந்தாலும் பழசு. அதுலேர்ந்துதான் வந்திருக்கும், இல்ல?”

பாப்பா இடுக்கியைத் தட்டில் வைத்தாள்.

“ரவிக்க இல்ல அண்ணி. உங்க மேல தப்பே இல்ல.”

“ஆறுதல் சொல்லாத.”

“ஆறுதல் இல்ல. தையல் இறுகிப்போச்சு. ரத்தம் போகாம தோல் செத்துப்போச்சு. செத்ததுதான் நாறுது. நீங்க எவ்வளவு சுத்தமா இருந்திருந்தாலும் நாறியிருக்கும்.”

அண்ணி அசையவில்லை. “அந்தப் பையன் கத்துக்குட்டியா?”

“இல்ல. நான் சொல்லிக் குடுத்தபடியே தச்சான். நான்தான் தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன். இறுக்கினா மார்க்குன்னு.”

திரைக்கு வெளியே யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“கட்டுப் பிரிச்சதுமே தெரிஞ்சுது.”

“அந்தப் பெரிய டாக்டர் என்னைய அழுக்குன்னு சொன்னாரே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“பக்கத்துலதான நின்ன?”

“நின்னேன்.”

அண்ணி தலையணையிலிருந்து முகத்தை எடுத்தாள். கன்னத்தில் தலையணைச் சுருக்கம் பதிந்திருந்தது. பாப்பாவின் கை இன்னும் அவள் தோள்மேல் இருந்தது, உறைபோட்ட கை.

“கைய எடு,” என்றாள்.

“அண்ணி, கட்டு பாதியில இருக்கு. திறந்து கெடந்தா—”

“எடுன்னா எடு. எனக்கு அருவருப்பா இருக்கு.”

பாப்பா கையை எடுத்தாள். அண்ணி கையை ஊன்றி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். முதுகு திறந்தபடியே இருந்தது. ஒரு கையால் மார்புத் துணியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் திரையை விலக்கினாள். வார்டு வாசலில் அண்ணன் சாத்துக்குடிப் பையோடு வந்துகொண்டிருந்தான். கட்டிலை நெருங்கும்போது வழக்கம்போல் மூக்குக்குக் கை போயிற்று.

“கையக் கீழ போடுங்க,” என்றாள் அண்ணி.

அவன் திகைத்துக் கையைக் கீழே போட்டான். இத்தனை வருடத்தில் அவள் அவனிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

“உங்க தங்கச்சி ஒண்ணு சொல்றா. கேளுங்க.” பாப்பா பக்கம் திரும்பினாள். “சொல்லு. என்கிட்ட சொன்னத அப்படியே சொல்லு.”

பாப்பா அண்ணனிடம் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். “அண்ணா, அண்ணியோட தையல்—”

“திரைக்குள்ள பேசுற மாதிரி பேசாத. என்னைய அழுக்குன்னது வார்டு முழுக்கக் கேட்டுது. இதுவும் கேக்கட்டும்.”

பாப்பா முகமூடியைக் கழற்றினாள். வாடை நேராக வந்து அறைந்தது. அவள் தலையைத் திருப்பவில்லை. கட்டில்களில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சிஸ்டர் மாத்திரைத் தட்டோடு நடு வழியில் நின்றுவிட்டாள்.

“எங்க அண்ணி மேல தப்பு இல்ல,” என்றாள். “அவங்க சுத்தமாத்தான் இருந்தாங்க. தையல் தப்பு. அந்தத் தையலச் சொல்லிக் குடுத்தது நான். பெரிய டாக்டர் அவங்கள அழுக்குன்னு சொன்னப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல.”

அண்ணன் பையைக் கட்டில்மேல் வைத்தான். வைத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“கேக்கல,” என்றது கடைசிக் கட்டில். “தையலுக்கப்பறம் என்னம்மா சொன்ன?”

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அவளைப் பார்க்கவில்லை.

இன்னொரு முறை, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.

அவள் முடிக்கும்வரை அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையணையைத் தட்டிப் போட்டு, குப்புறப் படுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சிஸ்டர்,” என்றாள், “நீங்க வந்து கட்டுப் போடுங்க.”